மூன்று சுற்று

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த ஒருவர் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் படுத்து உருண்ட அன்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. அவர் காக்கிச் சட்டை போட்டு, பெரிய மீசை வைத்து, எங்கள் அப்பாவைப் போல இரண்டு மடங்கு இருந்தார்.

“துணியில தீப்பிடிச்சா இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் “ஓடுவோம் சார்” என்றோம்.

“ஓடினா காத்து பட்டு தீ ஜாஸ்தியாவும். ஓடக் கூடாது. நின்ன எடத்துலயே கீழ படுத்துடணும். ரெண்டு கையால மூஞ்சிய மூடினு உருளணும்” என்றார். சொன்னதோடு விடவில்லை. தொப்பியைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்து, கொடிக் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் உருண்டே காட்டினார். எழுந்தபோது முதுகெல்லாம் மண். மீசையில் ஒரு புளிய இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இலையைப் பார்த்துத்தான் அவ்வளவு சிரித்தேன். அவருக்கு நான் செய்ய வேண்டிய நமஸ்காரத்தை இன்றைக்கு வரைக்கும் செய்யவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது.

அப்போது நாங்கள் அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அம்மா எட்டாவதோடு நின்றவள். ஆனால் எந்த மாதம் எந்தக் கிழமைக்கு என்ன விசேஷம் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலைக்குக் குளிப்பார்கள். என் தங்கைக்கு ஐந்து வயது, யூ.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட உத்தியோகம்.

அன்று சாயங்காலமே பாயை விரித்து அவளை நிற்க வைத்தேன். “தீ” என்று கத்தினேன். அவள் ஹால் முழுக்க ஓடினாள். “ஓடக் கூடாதுடி, படுத்து உருளணும்” என்றேன். மறுபடியும் கத்தினேன். மறுபடியும் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே ஓடினாள். அவளுக்குத் தீ என்றால் அடுப்பு, விளக்கு, மாலையில் காட்டுகிற கற்பூரம். கும்பிட வேண்டிய ஒன்று. அதற்கு ஏன் பயந்து தரையில் விழ வேண்டும்?

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் உருளுவது என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஈரத் துணியோடு கோயிலைச் சுற்றி உருளுகிறவர்களை அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். கிரிவலப் பாதையில் மலையையே சுற்றி உருளுகிறவர்களும் உண்டு. அவர்கள் உருளும்போது சுற்றி நிற்கிறவர்கள் அரோகரா சொல்லுவார்கள். எனவே நான் பாடத்தைக் கொஞ்சம் மாற்றினேன்.

“அங்கப்பிரதட்சணம் விளையாடலாமா? அக்கா அரோகரா சொன்னா நீ டக்குனு கீழ விழுந்து உருளணும்.”

சொல்லி முடிக்குமுன் விழுந்துவிட்டாள். அழகாக உருண்டாள். ஆனால் கைகளைத் தலைக்கு மேலே நீட்டிக் கூப்பிக்கொண்டு உருண்டாள், வேண்டுதல்காரர்கள் செய்கிற மாதிரியே.

“கை கூப்பக் கூடாது. மூஞ்சிய மூடு.”

“சாமி கோச்சுக்கும்.”

“கோச்சுக்காது. நான் சாமிகிட்ட சொல்லிட்டேன்.”

நான்கு நாள் ஆயிற்று. கையைக் கூப்பினால் மணிக்கட்டில் ஒரு அடி. முகத்தை மூடினால் ஒரு தேன்மிட்டாய். ஐந்தாம் நாள் நான் சமையலறையிலிருந்து அரோகரா என்று முணுமுணுத்தாலே அவள் ஹாலில் முகத்தைப் பொத்திக்கொண்டு உருளுகிற அளவுக்கு வந்துவிட்டாள். தீ என்ற சொல்லே அந்த விளையாட்டிலிருந்து கழன்று போனது. எனக்கும் அது மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வினை வெளியே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பாதயாத்திரைக்காரர்கள் கூட்டமாக எங்கள் தெரு வழியாகப் போனார்கள். “அண்ணாமலையாருக்கு...” என்று ஒருவர் இழுக்க, மற்றவர்கள் “அரோகரா” என்றார்கள். வாசல் கேட் ஓரம் நின்றிருந்த என் தங்கை புதுக் கவுனோடு சேற்றில் விழுந்து உருள ஆரம்பித்தாள். யாத்திரைக்காரர்கள் அசந்து நின்று கும்பிட்டார்கள். அம்மா வெளியே ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு, விஷயம் தெரிந்ததும் எனக்கு இரண்டு வைத்தாள்.

“சாமி பேர வெச்சு வெளையாட்டாடி உனுக்கு? இனிமே இந்த வெளையாட்டு ஆடமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். பண்ணிவிட்டு, அன்று இரவே தங்கையின் காதில் சட்டத்தைத் திருத்தினேன். “யார் சொன்னாலும் உருளக் கூடாது. அக்கா சொன்னா மட்டும்தான்.” சத்தியத்தை மீறுகிறோம் என்ற பயம் இருந்தது. ஆனால் நான்கு நாள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததை வீணாக்க மனசு வரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அம்மா தங்கைக்குப் பாவாடை தைத்தாள். மாடி வீட்டு அக்காவின் தையல் மிஷினில், மூன்று நாள் மத்தியானமெல்லாம் உட்கார்ந்து தைத்தாள். சிவப்பு பாலியஸ்டர் துணி, அதில் பொன் நிறப் பூ அச்சு. தங்கையின் ஒரே கட்டளை, சுற்றினால் குடை மாதிரி விரிய வேண்டும் என்பது. அதற்காக அம்மா துணியை ஜாஸ்தியாகவே எடுத்து, கொசுவம் கொசுவமாக வைத்து, வளர்கிற பிள்ளை என்று நீளத்தையும் தாராளமாக விட்டாள். தங்கை அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் தெரியாது. பாவாடை தானாகத் தரையில் நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். தெருவே பார்த்து மெச்சியது. அம்மா முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கார்த்திகை மாதம் சோமவாரம். மழை என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். எங்கள் ஜில்லாவில் லீவு விட்ட அன்று மழை வராது. அன்றும் பளிச்சென்று வெயில் அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பை வேர்க்கடலையோடு வந்திருந்தார். “லீவுதானே, இப்பவே கெளம்பி மலைய சுத்திட்டு வந்துடலாம்” என்று அம்மா கிளப்பினாள். அப்பாவுக்குக் கடை. நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். தங்கை அந்தச் சிவப்புப் பாவாடையைத்தான் போடுவேன் என்றாள். போட்டுவிட்டாள் அம்மா.

பாதி தூரம் நடந்தபோது அங்கப்பிரதட்சணம் செய்கிற ஒருவரைப் பார்த்தோம். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தாராம். ஈர வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் கைகளைக் கூப்பியபடி, கண்ணை மூடிக்கொண்டு உருண்டு வந்தார். அவருக்கு முன்னால் அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் குடத்தைச் சுமந்துகொண்டு, வெயிலில் சுட்ட ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நடந்தாள். தம்பி போல ஒருவர் துடைப்பத்தால் கல்லை ஒதுக்கிக்கொண்டு போனார். வழியில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். நாங்களும் கும்பிட்டோம்.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்ல சத்தமாகக் கேட்டாள்: “அக்கா, இவருக்கும் தீப்பிடிச்சுடுச்சா?”

அந்தச் சொல்லை நான் முதல் நாளோடு விட்டுவிட்டேன், அவள் விடவில்லை. அவள் தொடையில் கிள்ளினேன். அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. மாமாவுக்கு விழுந்துவிட்டது.

“இன்னாடி சொல்லுது இது? தீயா?”

“ஒண்ணுமில்ல மாமா. அதுக்குப் பசி.”

மாமா ஒரு பிடி வேர்க்கடலையை அவள் கையில் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அவர்களைத் தாண்டி ஒரு வளைவில் மலை முழுசாகத் தெரிகிற இடத்துக்கு வந்தோம். ரோட்டோரமாக நிறைய பேர் மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரையில் அங்கங்கே கறுப்பு வட்டங்கள். சிலது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு சப்பைக் கல்லின்மேல் நான்கு கட்டிக் கற்பூரம் வைத்து ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

“ரெண்டு பேரும் மூணு சுத்து சுத்தி கும்பிடுங்க.”

எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வதுதான். ஸ்வாமிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கும்பிடுவது. பசங்களுக்குத் தலை சுற்றும்; அதுவே ஒரு சந்தோஷம். நான் அவசரமாக மூன்று சுற்று சுற்றிவிட்டு நின்றேன். தங்கை அவசரப்படவில்லை. இந்தப் பாவாடைக்காகவே பிறந்த வேலை இது. கைகளைக் கூப்பிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். பாவாடை விரிந்து எழும்பியது. இரண்டாவது சுற்றில் நிஜமாகவே குடை ஆனது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் “அய்யோ கண்ணு, எவ்ளோ அழகு” என்றாள். எங்கள் அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்றாவது சுற்று முடிந்து, குடை தாழ்ந்து, தங்கை மலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாவாடையின் அடியில் ஓரமாகப் பொன் பூக்கள் சுருங்கின. தையல் பிரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வெயிலில் தீ தெரியவே இல்லை. துணி மட்டும் தானாகக் கறுத்து, தானாக மேலே ஏறியது. அதன் மேல் கண்ணாடி போல ஏதோ ஆடியது. அப்புறம் தங்கைக்குச் சூடு தட்டியது. திரும்பிப் பார்த்தாள்.

ஓடினாள்.

ஓடக் கூடாது என்று அந்தக் காக்கிச் சட்டைக்காரர் சொன்னது சரிதான் என்று அந்த ஒரு நொடியில் கண்ணால் பார்த்தேன். ஓடின வேகத்துக்குத் தீ முதுகுப் பக்கம் எழும்பியது. தீ என்று கத்த வாயைத் திறந்தேன். படு என்று கத்த நினைத்தேன். இரண்டும் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது வேறு:

“அரோகரா!”

நாலைந்து அடி ஓடியிருந்த என் தங்கை, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றாள். கீழே விழுந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். உருண்டாள்.

நான் அரோகரா என்றதும், ரோட்டில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்றார்கள்.

நான் சொல்வதை நம்ப மாட்டீர்கள். ஒருவர்கூட ஓடி வரவில்லை. எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்கள். கரும்புகை அவள் பின்னால் சுருளாக எழுந்தது. சுற்றிலும் கற்பூரப் புகை, அதில் இதுவும் ஒன்று. “அஞ்சு வயசுகூட இருக்காது, இன்னா பக்தி பாரு” என்று, சற்று முன் பாவாடையின் அழகை மெச்சிய அதே அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பின்னால் ஒருவர் உருண்டு வருவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர் வீட்டுப் பிள்ளை போல என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. “எம் புள்ள, எம் புள்ள” என்று அலறிக்கொண்டு பாய்ந்தாள். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர் இரண்டு கையையும் நீட்டி அவளைத் தடுத்தார்.

“குறுக்க போவாதம்மா. வேண்டுதல். குறுக்க போவக் கூடாது.”

அம்மா அவர் கையைக் கடித்தாள். எங்கள் அம்மா, எறும்பு போகிற வழியில் கோலம் போடாத அம்மா, ஒரு பெரியவரின் கையைக் கடித்ததை நான் பார்த்தேன். நான் அசையவில்லை. இன்னொரு தடவை அரோகரா சொன்னால் அவள் நிற்பாளா, இன்னும் உருளுவாளா என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது குடத்துக்காரி. அந்த உருளுகிறவரின் மனைவி. வளைவில் திரும்பியவள் எட்டு எட்டாக ஓடி வந்து, இடுப்பிலிருந்த குடத்தை அப்படியே தங்கையின்மேல் கவிழ்த்தாள்.

“அட பாவிங்களா, கும்புட்டுனு நிக்கிறீங்களே! காலையிலேர்ந்து எம் புருசன் உருளுறத பாத்துனு வரேன். கைய கூப்பினுதான் உருளுவாங்க. இந்தப் புள்ள மூஞ்சிய மூடினு உருளுது பாருங்கய்யா! நெருப்பு!”

அப்போதுதான் கூட்டத்துக்குக் கண் திறந்தது. அரோகரா நின்று, அய்யோ கேட்டது.

மாமா அம்மாவின் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஓடினார். காலில் பூசப் போனார். குடத்துக்காரி அவர் கையைத் தட்டிவிட்டாள். விபூதி ரோட்டில் கொட்டியது.

“அத எதுவும் பூசாத தம்பி. தண்ணி ஊத்து. ஊத்தினே இரு.”

வெந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணியைப் பிய்க்கப் போன இன்னொருவரையும் அவள் விடவில்லை. எங்கே கற்றாளோ. அவளுக்கும் யாரோ எங்கேயோ படுத்து உருண்டு காட்டியிருக்க வேண்டும்.

இதற்குள் அவள் புருஷன் வளைவு வரைக்கும் உருண்டு வந்துவிட்டார். முன்னால் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லாததால் ரோடு காய்ந்து சுட்டது. தார் ஒட்டின முதுகோடு, கூப்பிய கையை எடுக்காமல் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆட்டோ வந்து நின்றதும் படுத்தபடியே சொன்னார்:

“குடத்த ரொப்பி அவங்களோட குடுத்தனுப்பு. வழியெல்லாம் ஊத்தினு போவட்டும். நான் எப்டியாவது போய்க்கிறேன்.”

அந்தக் குடம் எங்களோடு வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அப்பா எத்தனையோ தடவை அந்தப் பாதையில் போய் விசாரித்தார். அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பச்சைக் குடம். இன்றைக்கும் அம்மா வீட்டில் இருக்கிறது. அதில் வேறு எதற்கும் தண்ணீர் பிடிப்பதில்லை, பூஜைக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் தங்கையைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். இடது காலில் முழங்காலுக்குப் பின்னாலிருந்து கெண்டைக்கால் முழுக்க வெந்திருந்தது. முதுகில் லேசாகத்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தலைமுடி நுனிகூடக் கருகவில்லை. அவள் அழுதபடியே என்னைத் தேடிப் பார்த்து, “அக்கா, நான் கை கூப்பல” என்றாள். தேன்மிட்டாய் கேட்கிற குரல் அது.

நர்சம்மா கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “நின்னு உருண்டதாலதான் இதோட போச்சு. இந்தப் புள்ளைக்கு உருளணும்னு சொல்லிக் குடுத்தது யாரு?”

சத்தியத்தை மீறினவள் நான். சொன்னால் இங்கேயே அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

“அண்ணாமலையார்தாம்மா.”

நர்சம்மா நிமிரவில்லை. “அப்ப அவரையே கேட்டுக்குங்க, அடுத்த வாட்டி புள்ளைக்குக் காட்டன் துணி எடுத்துத் தருவாரானு. இந்த மாதிரி துணிய மாட்டி, தரையப் பெருக்குற நீளத்துக்கு வுட்டு, நெருப்பாண்ட நிக்க வெச்சா வேற இன்னா ஆவும்?”

அம்மா கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டாள். கடையிலிருந்து கையில் மையோடு ஓடி வந்த அப்பா, “எப்டி ஆச்சு?” என்று கேட்டார். மாமாதான், “கற்பூரத்துல பட்டுடுச்சு மாமா” என்றார். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. நான்தான் காத்திருந்தேன், யாராவது அந்த அரோகராவைப் பற்றிக் கேட்பார்கள் என்று. பயமாகவும் இருந்தது, கேட்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் கூட்டம் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் அம்மா முதலிலிருந்து சொன்னாள். சொல்லும்போது ஒரு இடத்தில் குரல் தழுதழுக்கும்.

“புள்ள ஓடுது. எனுக்கு மூச்சே நின்னுபோச்சு. அந்தக் கூட்டத்துல யாரோ அரோகரானு ஒரு சத்தம் குடுத்தாங்க பாருங்க, புள்ள அப்டியே விழுந்து உருண்டுச்சு. யாரு குடுத்தாங்கனு தெரியல. ஆம்பளக் குரலா பொம்பளக் குரலானுகூட தெரியல. அவருதான். சாட்சாத் அவரேதான்.”

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாடி வீட்டு அக்கா சிலிர்த்துப்போன கையை நீட்டிக் காட்டினாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். முதல் தடவை பயம். நான்காவது தடவை எரிச்சல். பத்தாவது தடவைக்குள் எனக்குப் பொறுக்க முடியாத ஆத்திரமாகிவிட்டது. நான்கு நாள் மெனக்கெட்டது நான். தேன்மிட்டாய் கொடுத்தது நான். கத்தியதும் நான்.

இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குத் தீ என்றால் தீ என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படுத்து உருளு என்றால் படுத்து உருளுவாள். சாமி பேரைச் சாமிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று என் தொண்டை அடைத்துக்கொண்டது நிஜம். அடைத்த தொண்டையில் எப்படிக் குரல் வந்தது என்று யோசித்தால், அம்மா சொன்னது முழுக்கத் தப்பு என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று அப்படி நினைக்கிற அறிவு எனக்கில்லை. என் வேலைக்கு வேறு ஒருவருக்குப் பேர் போகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.

தங்கையின் கட்டைப் பிரித்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பீரோவிலிருந்த எங்கள் பாவாடை கவுன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கத்தரித்து, மடித்து, ஊசி நூலால் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டு மிஷினுக்கு அவள் போகவில்லை. என் பள்ளிக்கூடப் பாவாடையும் அந்தக் குவியலில் இருந்தது. முழங்கால் தெரிகிற மாதிரி வெட்டிவிட்டிருந்தாள். என் ஒரே பட்டுப் பாவாடையையும் கையில் எடுத்தாள்.

“என்னுத ஏம்மா வெட்டுற? கிளாஸ்ல சிரிப்பாங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்?”

கத்தரி போய்க்கொண்டே இருந்தது. அடக்கி வைத்ததெல்லாம் எனக்குக் குமுறிக்கொண்டு வந்துவிட்டது.

“அந்தச் சத்தம் நான்தாம்மா குடுத்தேன். சாமி இல்ல. நீ ஆடக் கூடாதுனு சொன்ன வெளையாட்டு அது. நான்தான் அவளுக்கு உருள சொல்லிக் குடுத்தேன். நீ எல்லார்கிட்டயும் சாமினு சொல்ற.”

சொல்லிவிட்டு அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கத்தரிச் சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

“தெரியும்டி. உன் குரல் எனுக்குத் தெரியாதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“உருள சொல்லிக் குடுத்தது நீ. செரி. அவள மூணு சுத்து சுத்த சொன்னது யாரு?”

பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த கேள்வி வந்தால் நான் எப்போதும் முதல் ஆளாகக் கையைத் தூக்குவேன். அன்றும் அப்படித்தான். கடைசியில் சாமியை விட்டு எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில், நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னேன்:

“நீதாம்மா!”

அம்மா தலையை ஆட்டினாள், சரியான விடை சொன்ன பிள்ளைக்கு டீச்சர் ஆட்டுகிற மாதிரி. பிறகு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கோத்துக்கொண்டே இருந்தாள். நல்ல வெளிச்சம்தான், ஜன்னலுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். அப்படியும் ஏன் நூல் நுழையவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. ஊசியை அவள் கையிலிருந்து வாங்கி, நானே கோத்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போனேன்.